பக்கத்துல இருந்தவங்க

பூட்டிய அறையிலிருந்து இன்டர்காம் அடித்தது.

தையல் மெஷின்களெல்லாம் ஓய்ந்து, பெண்கள் கைப்பையை மாட்டிக்கொண்டு கலகலவென்று படியிறங்கிப் போய், இஸ்திரிப்பெட்டிகளின் ஈரச்சூடும் மெஷின் எண்ணெய் வாடையும் மட்டும் கூடத்தில் மிச்சமிருந்த சாயங்காலம் அது. சூப்பர்வைசர் மேஜை விளக்கை அணைக்கக் கை நீட்டியிருந்தாள். காய்ச்சல்காரர் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் நேரே மேஜைக்கு வரக்கூடாது, கூடத்துக் கோடியில் இருக்கிற அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து போனில் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் விசாரித்து டெஸ்ட் எடுக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பெனியில் புதிதாக வந்த முறை. மத்தியானமே அறையைப் பூட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில்தான் கிடந்தது.

பழக்க தோஷம், எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க, யாரு பக்கத்துல இருந்தீங்க?"

எதையோ தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற சத்தம் மட்டும். சலக். சலக். பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"உங்க பக்கத்துலதான் மேடம். காலைல கம்பெனி பஸ்ல. ஜன்னலோரம் நீங்க, இந்தப் பக்கம் நான்."

காலையில் அந்த சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பையை அதில் வைக்கப் போனவள், ஏனோ மனசு வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது.

அந்த டப்பாச் சத்தம் யாருடையது என்று அந்தக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, செய்கிற வேலைதான் பெயர். காலர் வைப்பவள் காலர், பட்டன் தைப்பவள் பட்டன். லீவு கேட்டால் நறுக்கென்று வெட்டிவிடுகிற சூப்பர்வைசருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் சூட்டியதே அந்த வாயாடி பட்டன்தான். டப்பாவைக் குலுக்கிக் குலுக்கித்தான் தோதான பட்டனைத் தேடுவாள். நூலைப் பல்லால்தான் கடிப்பாள். எச்சில் படக்கூடாது என்று ஆளுக்கொரு குட்டிக் கத்தரி கொடுத்த பிறகும், "என் பல்லு வெட்டுற மாதிரி உங்க கத்தரி வெட்டுமா மேடம்?" என்று இளித்தாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் காலர் போன் செய்தாள்.

"மேடம், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ்னு வந்துடுச்சு. நான் வரலாமா? டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?"

"ஜுரம் அவருக்குத்தானே, உனக்கில்லையே? இந்த வாரம் சரக்கு கப்பல் ஏறணும். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு கிளப்பிவிடாத. பேசாம வந்து சேரு. யார்கிட்டயும் வாயத் திறக்காத."

காலர் வாய் திறக்கவில்லை. பட்டன் அவளுக்குப் பக்கத்து ஸ்டூல். காலர் ரெண்டு தும்மலோடு தப்பித்துக்கொண்டாள். பட்டனோ, வெறும் சளிதானே என்று வெந்நீரைக் குடித்துக் குடித்து வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காரியம் மிஞ்சிவிட்டது, உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த அறையும் போனும் சுவரில் அறிவிப்பும். அறிவிப்பைத் தன் கையால் ஒட்டியது கத்தரிக்கோல்தான்.

"யாருடி அது? விளையாடுறியா?" என்று ரிசீவரில் கத்தினாள்.

"எனக்கு யாரும் சொல்லல மேடம். நான் சொல்லிடறேன். அதானே முறை?" சலக். "அடுத்து உங்க வீட்டுக்குப் போறேன்."

லைன் அறுந்தது. அவள் ஓடிப்போய் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்காலி காலி. தொங்கிய ரிசீவர் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மகள் தனியாக இருப்பாள். இழுப்பு உள்ள குழந்தை. பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினாலே நெஞ்சு விசிலடிக்கும். கண்ணில் பட்ட வாடகை வண்டியில் ஏறி, "வேகமா, வேகமா" என்று டிரைவரின் உயிரை வாங்கி, வாசலில் இறங்கி மாடிப்படியில் கால் வைக்கும்போது கைப்பைக்குள் போன் அடித்தது.

"படியேற மூச்சு வாங்குது மேடம். ஆனா ஏறிட்டேன். பாப்பாதான் கதவைத் திறந்தா."

ஓடினாள். கதவு ஒருக்களித்திருந்தது. மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா, உன் கம்பெனி ஆன்ட்டி வந்தாங்க. ஒரே ஜோக்கு. உன்னைக் கத்தரிக்கோல்னு சொன்னாங்க!"

வந்த உயிர் மறுபடி போனது.

"கழுத்துப் பட்டன் இல்லாம இருந்துச்சுல்ல? நீ தைக்கறேன் தைக்கறேன்னு சொல்லிட்டே இருந்தியே. அவங்க தச்சுட்டாங்க. கழட்ட வேணாம், அப்படியே நில்லு கண்ணுன்னாங்க."

குழந்தையின் தொண்டைக்குழிக்கு நேரே வெள்ளைப் பட்டன். கறுப்பு நூல். நூலின் நுனி வெட்டப்படவில்லை. கடிக்கப்பட்டிருந்தது. தொட்டாள். ஈரம்.

"பல்லாலயா கடிச்சாங்க?"

"ம். மூஞ்சிக்கு மூஞ்சி. கூச்சமா இருந்துச்சும்மா."

டெஸ்ட் எடுக்கிற இடம். எங்கே? எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அறிவிப்பில் இருந்த நம்பரைக் கைகாட்டியதோடு சரி. அந்த நம்பரைப் போனில் தேடி எடுத்தாள். அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள்.

"ஹலோ, என் பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கணும், எங்க வரணும்?"

சலக்.

"ஜுரம் பாப்பாவுக்குத்தானே மேடம்? உங்களுக்கில்லையே?"

போன் கைநழுவி விழுந்தது. காலரிடம் மட்டும் சொன்ன வார்த்தை. வேறு யாருக்கும் தெரியாத வார்த்தை.

பட்டனைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. பிய்த்தாள். வரவில்லை. அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நூலுக்கடியில் நுழைத்து அழுத்தினாள். வெட்டவில்லை. மறுபடி. வெட்டவில்லை.

"அம்மா, கழுத்து வலிக்குது."

குழந்தை இருமினாள். ஒரே ஒரு இருமல்.

வாரி அணைத்துக்கொண்டாள். உச்சந்தலையில் முகம் புதைத்தாள். சோப்பு வாசனை இல்லை. வியர்வை வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. முகத்தைக் கீழே இறக்கி, குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். விசில் கேட்கும் என்று காத்திருந்தாள்.

விசில் இல்லை.

சலக். சலக்.

உள்ளே யாரோ நிதானமாகக் குலுக்கிக் குலுக்கி, தோதான பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.