விழிக்காத கொப்பு

எந்த வருடம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. எழுபத்தெட்டாக இருக்கலாம். ஜவ்வாது மலையில் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

செந்தாமரைக்குப் பத்து வயது. தம்பி குப்பனுக்கு நாலு. அவர்களுடைய அம்மா மணியம்மாள் காய்ச்சலில் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. புதைக்கத் தூக்கிப் போனபோது, "அம்மா தூங்குதுடா" என்று பெரியவர்கள் குப்பனிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் தன் சாமைச் சோற்றில் பாதியை எடுத்து வைப்பான். "அம்மா முழிச்சா துன்னும்" என்பான். அப்பா அர்ச்சுனன் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு மாலை, தம்பியைச் சிரிக்க வைக்கலாம் என்று செந்தாமரை வாசல் புளியமரத்தைக் காட்டினாள். சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டிருந்தன.

"பார்றா, எலை தூங்குது. இஸ்கூல்ல சொன்னாங்க."

"கொட்டாவி வுடுமா?"

"வாயே இல்ல, எப்பிடி வுடும்? காலையில தானா முழிச்சிக்கும்."

குப்பன் வெகுநேரம் மரத்தையே பார்த்தான்.

"அப்ப அம்மாவும் காலையில முழிச்சிக்கும்."



விடிந்ததும் அவனைக் காணோம். அம்மாவைப் புதைத்த இடத்தில் சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். அன்று அவன் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. முழுச் சோறும் அம்மாவுக்காம்.

சாயங்காலம், காற்றில் முறிந்த ஒரு கொப்பு புளியமரத்தடியில் கிடந்தது. அதன் இலைகளும் மூடியிருந்தன. செந்தாமரை அதை எடுத்துக் கல்மேல் வைத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"காலையில மரத்தையும் பாக்கலாம், இதையும் பாக்கலாம்."

காலையில் மரம் முழுக்க இலை விரித்திருந்தது. கொப்பு மட்டும் சுருங்கிக் கிடந்தது.

"அக்கா, இது இன்னா முழிக்கல?"

"காம்புக்கு அடியில தண்ணி ஏறி எறங்கும். அதாலதான் எலை மூடித் தெறக்குது. இது மரத்த வுட்டு வந்துடுச்சி. இனிமே தண்ணி வராது."

"தூங்குதா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம்.

"இல்லடா. இது தூங்கல."

குப்பன் விரலால் ஓர் இலையை விரிக்கப் பார்த்தான். அது உதிர்ந்தது. விரலில் ஒட்டிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவும் தூங்கலையா?"

"தூங்கல. செத்துப்போச்சி."

அம்மா போன பிறகு அன்றுதான் அவன் அழுதான். அக்காவும் அழுதாள். உள்ளிருந்து வந்த அப்பா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை எழுந்து போகவில்லை.

மதியம் குப்பன் தன் சோற்றை முழுவதும் தின்றான்.

அர்ச்சுனன் அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். செந்தாமரை அமிர்திப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். குப்பன் வளர்ந்து மரக்கன்று வளர்க்கும் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அவன் "தூங்குறாங்க" என்று சொன்னதில்லை.