பின் சீட் இல்லாத வண்டி

வண்டலூர் கேட் அருகே பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மாள் கையை ஆட்டி அவனை நிறுத்தினாள். எலியேசர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினான். ஏதோ விழுந்துவிட்டது போல என்று நினைத்தான்.

“அக்காவ பொடவைய வாரிக்கச் சொல்லு சார். சக்கரத்துல மாட்டிக்கப் போவுது.”

அவன் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த வண்டியில் ஓட்டுபவனுக்கு மட்டும்தான் இருக்கை. அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் தகடு ஒன்று வால் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கிழவிக்குக் கண் மங்கல் என்று சிரித்துவிட்டு கேளம்பாக்கம் சாலையில் திரும்பினான்.

அது இத்தாலி வண்டி. சோழவரம் மோட்டார் பந்தயத்துக்காக யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, திரும்ப எடுத்துப் போகாமல் துறைமுகக் கிடங்கில் விட்டுவிட்டுப் போனது. பல கை மாறி, தொண்ணூற்று நான்கில் மெக்கானிக் குப்புராஜ் மூலமாக எலியேசரிடம் வந்து சேர்ந்தது. கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் படம் வரைகிற எலியேசருக்குக் குடியோ சீட்டோ கிடையாது. இந்த ஒரு பைத்தியம்தான். ஸ்டார்ட் செய்து கிளட்சைப் பிடிக்கும்போது தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அதற்கு அடியில் இரண்டு சிலிண்டர்களும் மாறி மாறி இடிக்கிற இடி தொடைகளின் வழியாக ஏறி அடிவயிற்றில் போய் உட்காரும். டேங்கின் மேல் குப்புறப் படுத்த மாதிரி, மணிக்கட்டில் உடம்பைத் தாங்கிக்கொண்டு, பனி விலகாத கேளம்பாக்கம் சாலையில் அவன் போகும்போது முந்திரித் தோப்புகளின் வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். அந்த நேரத்தில் மட்டும் அவன் யாருக்கும் எதுவும் இல்லை. கடப்பேரி வீட்டில் அவன் மனைவி ஞானஜோதியும் மகள் பியூலாவும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பூக்காரி சொன்னதை அவன் மறந்தே போயிருப்பான். ஆனால் சில வாரங்கள் கழித்து பெருங்களத்தூர் பெட்ரோல் பங்கில், குழாயைக் கையில் பிடித்தபடி ஊற்றாமல் நின்ற ஆள், “பின்னாடி இருக்கறவங்கள எறங்கச் சொல்லு சார்” என்றான். எவங்களை என்று எலியேசர் கேட்டதற்கு அவன் மோவாயால் வண்டியின் வாலைக் காட்டினான்.

“அக்காவையும் பாப்பாவையும். பாப்பா தூங்கி விழுது பாரு.”

எலியேசர் இறங்கி நின்றான். பங்கு ஆள் பார்வையை எடுக்காமல், யாரோ இறங்கி ஒதுங்குவதற்குக் காத்திருப்பவன் போலக் கொஞ்சம் பொறுத்து, பிறகு மூடியைத் திறந்தான். அக்கா என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று அவனிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

வீட்டுக்கு வந்தபோது ஞானஜோதி கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சிக்கெடுத்துக் கொண்டிருந்தாள். சீப்பு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தது போல இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது நிற்கவே முடியவில்லை என்றும் சொன்னாள். அவள் முகத்தில் நெற்றியிலிருந்து கன்னம் வரை மெல்லிய செம்மண் படிந்திருந்தது. புருவத்தில் ஒரு சின்னப் பூச்சி நசுங்கி ஒட்டியிருந்தது. வேகமாக வண்டியில் போகிறவர்களின் முகத்தில் ஒட்டுகிற பூச்சி. அவன் அதை விரலால் எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு ஒரே ஒரு முறைதான் ஓட்டினான். நம்பாமல் இருப்பதற்காகவே ஓட்டினான். திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே பியூலா அழுகிற சத்தம் கேட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளையின் வலது கெண்டைக்காலில் ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பொங்கியிருந்தது. எறும்பு கடித்திருக்கும் என்று ஞானஜோதி தேங்காய் எண்ணெய் தடவினாள். எலியேசருக்கு அது என்ன என்று தெரியும். சைலன்சர் சூடு. மோட்டார் சைக்கிளில் ஏறிப் பழகிய எவருக்கும் அது தெரியும்.

வண்டியை விற்றுவிடச் சொல்லி அவன் குப்புராஜுக்கு ஆள் அனுப்பினான். குப்புராஜ் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்த பிறகு வந்தான். மின்சாரம் இல்லாத மத்தியானம். ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனான். எலியேசர் வாசற்படியிலிருந்து உள்ளே திரும்பினான்.

சமையலறையில் அரிவாள்மணை சாய்ந்து கிடந்தது. ஞானஜோதி அதன் முன்னால் உட்கார்ந்தபடியே முன்பக்கம் சாய்ந்திருந்தாள். கண்களில் நீர் வழிந்து காதுப் பக்கமாக ஓடியது. கூந்தல் அவிழ்ந்து பின்னால் பறந்தது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் திரை அசையவில்லை. கூடத்தில் பியூலா வீட்டுப்பாட நோட்டின் முன் அதே மாதிரி சாய்ந்து, கண்ணை இறுக மூடியிருந்தாள். தூரத்தில் வண்டிச் சத்தம் மேட்டுத்தெரு முனையில் வளைந்தது. இருவரும் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தார்கள். நிமிர்ந்தார்கள். மறுபடி சாய்ந்தார்கள்.

அவன் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினான். கருங்கல்லைப் பிடித்தது போல இருந்தது. வாசலில் எஞ்சின் நின்றதும் அவள் கத்தரிக்காயை எடுத்தாள்.

“ஏங்க, என்ன இப்படிப் பாக்கறீங்க?”

வெளியே குப்புராஜ் வண்டியைச் சுற்றிவந்து பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். “பின்னாடி கனமா கீதுண்ணா. ரெண்டு பேரு தொங்கிகினு வர்ற மாறி,” என்றான். வாங்க ஒரு பையன் இருக்கிறான், வேளச்சேரியில், நல்லா வெரட்டி ஓட்டுவான் என்றும் சொன்னான். எலியேசர் விற்கவில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டான்.

யாரோ ஒரு பையன், எங்கோ ஒரு சாலை, எந்த வேகமோ. பாதிரியாரிடம் போகலாமென்று நினைத்தான். போய் என்னவென்று சொல்வது? இனி அந்த வண்டியை யாரும் ஓட்டக் கூடாது. ஓடாத வண்டியில் யார் உட்கார முடியும்? அப்படித்தான் அவன் யோசித்தான்.

மறுநாள் சாயங்காலம் ஞானஜோதி பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பியூலா அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

“சீக்கிரம் வந்துடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு.”

பச்சைமலைக்குப் பின்னால் கல் உடைத்துக் கைவிட்ட குட்டை ஒன்று உண்டு. ஆழம் யாருக்கும் தெரியாது. எஞ்சினைக் கிளப்பாமல், கழுத்து நரம்பு புடைக்க, சரளைப் பாதையில் தள்ளிக்கொண்டே போனான். காற்றில் ஈரமும் பாசியும் மணத்தன. தெருவிளக்குகள் முடிந்தன. வண்டி கனத்தது. போகப் போக இன்னும் கனத்தது. விளிம்பில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. பின்னால் வந்து, வாலில் தோளைக் கொடுத்தான்.

சூடாக இருந்தது. வெயிலின் சூடு அல்ல. எஞ்சினின் சூடும் அல்ல. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியின் சூடு.

எழுந்து போனார்களா?

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

தண்ணீர் மூடியது. ஒரு பெரிய குமிழி வந்து உடைந்தது. பிறகு குமிழிகள் இரண்டு சரங்களாக, பக்கத்தில் பக்கத்தில், வெகு நேரம் வந்தன. இரண்டு புகைக்குழாய்கள் அல்லவா என்று நினைத்துக்கொண்டான். ஒரு சரம் முதலில் நின்றது. சின்னது. பிறகு மற்றதும்.

இறங்கி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. மழை வரவில்லை. பாதை புழுதியாகவே கிடந்தது.

தெருவில் மின்சாரம் போயிருந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டான். பதில் இல்லை. உள்ளே காலை வைத்தான். ஈரம். கணுக்கால் நனைகிற ஈரம். பாசி நாற்றம்.

தீப்பெட்டியைத் தடவி எடுத்து உரசினான்.

கூடத்தின் நடுவில் ஞானஜோதி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகோடு ஒட்டி பியூலா. பிள்ளையின் கைகள் அம்மாவின் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தன. இருவர் தலைமுடியிலிருந்தும் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாய்கள் திறந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. மூச்சு இல்லை.

ஞானஜோதியின் கைகள் முன்னால் நீண்டு, விரல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன. யாரையோ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல. அந்தக் கைகளின் வளைவுக்குள், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, தரை மட்டும் காய்ந்திருந்தது.