சளிக்கு மூன்று நாள்

கிட்ட வாங்க கண்ணுகளா, அந்த டிவியைக் கொஞ்சம் தணிச்சுட்டு. ஒரு துண்டுக் காகிதம் ஒரு சாவையே மறைக்கப் பார்த்த கதை சொல்றேன். புனே பக்கம், தொண்ணூத்தெட்டாம் வருஷம்.

திங்கட்கிழமை, காலை 8.15. ரஞ்சன்காவ் ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் கிளார்க் ஜோஸ்பின் தன் லீவுச் சீட்டை ஃபைலில் கோக்கப் போனாள். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள் சளி என்று சீட்டு. நிஜத்தில் தங்கை மகள் கல்யாணம். கையில் மருதாணி இன்னும் வெளுக்கவில்லை. ஃபைலில் மேலே இன்னொரு சீட்டு. அவள் சீட்டை எழுதிய அதே டாக்டர் வாசுதேவன், அதே வியாழக்கிழமை தேதி. 'கலியன், வெல்டர். வேலைக்குத் தகுதியானவர்.'

அந்தக் கலியன்தான் வெள்ளிக்கிழமை சாரத்திலிருந்து மயங்கி விழுந்து செத்துப்போனவன்.

ஜோஸ்பின் தன் சீட்டைக் கோக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டாள்.

10.30. மேனேஜர் அறை. கலியன் மனைவிக்குத் தமிழ் மட்டுமே தெரியும், இன்ஸ்பெக்டர் ஜாதவுக்கு அது தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஜோஸ்பின். ஓரத்தில் டாக்டர் வாசுதேவன்.

"புதன்கிழமையே டாக்டர் பார்த்தாருங்க. கண்ணு மஞ்சளா இருக்கு, ஒரு வாரம் படுன்னாரு. சீட்டு மட்டும் தரலை," என்றாள் கலியன் மனைவி.

"துக்கத்துல நாள் குழம்புது," என்றார் கலியனை வேலைக்கு வைத்த ஆள் கான்ட்ராக்டர் ஜம்புநாதன். "வியாழன்தான் பார்த்தார். நல்லாத்தான் இருந்தான். குடிச்சிருப்பான்."

அந்தச் சீட்டு உண்மை என்று நின்றால் பழி செத்தவன் தலையில். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"சார், நான் ரெண்டு கேள்வி கேக்கலாமா?" என்றாள் ஜோஸ்பின். "டாக்டர், வியாழன் ஆலைக்கு வார லீவு. இங்கே கிளினிக் திறந்தீங்களா?"

"திறந்தேனே. சீட்டுல நேரம் போட்டிருக்கேன் பாரும்மா. பத்தரை."

"அப்புறம்?"

"மதியம் வரைக்கும் நகரவே இல்லை."

ஜோஸ்பின் பைக்குள் கையை விட்டாள். எடுத்தால் பொய்ச் சீட்டுக்காகப் பதினாறு வருஷ வேலை போகும். எடுத்தாள்.

"இது எனக்குச் சளின்னு நீங்க எழுதினது. வியாழன், 10.40, உங்க சாங்வி கிளினிக். இங்கேர்ந்து ஒன்றரை மணி நேரப் பயணம். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காம எழுதினீங்க, அதான் அடையாளம் தெரியலை. கலியன் செத்த பிறகு அவசரமா முந்தின நாள் தேதியைப் போட்டீங்க. அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லை."

அதையே இந்தியில் இன்னொரு தரம் சொன்னாள். மேனேஜர் சீட்டைப் பார்க்கவில்லை. அதை நீட்டிய கையின் மருதாணியைப் பார்த்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி ஜம்புநாதனைக் காட்டினார். "சாங்வியில கேட்டதை எழுதலேன்னா, அடுத்த தெரு டாக்டர் எழுதுவார். இங்கே கிளினிக் கட்டடமே இவரோடது. வர்றவங்களும் இவர் ஆளுங்க. ஒரு நாளுக்கு மேல ஓய்வு எழுதினா மறுநாள் ஒருத்தரையும் அனுப்ப மாட்டார். வெள்ளிக்கிழமை இவர்தான் வந்து நின்னு எழுத வச்சார்."

"வாயை மூடுய்யா," என்றார் ஜம்புநாதன்.

12.10. டாக்டரும் ஜம்புநாதனும் போலீஸ் ஜீப்பில். 12.40. ஜோஸ்பின் மேஜையைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தாள். வாசலில் கலியன் மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குச் சளி தேவலையாக்கா?"

ஜோஸ்பின் மருதாணிக் கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

போய்த் தூங்குங்க, கண்ணுகளா. உங்க வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், படுத்து எழுந்திருக்க வேண்டிய நாளெல்லாம் குறையாமல் கிடைக்கட்டும்.