இன்னும் ஒரே ஒரு தையல்

"மோட்டார் போட்டுக்கலாமான்னு கீழ கேளுங்க!"

மாடியிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. படிக்கட்டின் அடியில் நின்றிருந்த பெரியவளுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் பதில் சொல்லக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சின்னவளின் கணவன் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு இறங்கி வந்து, "அண்ணி, மோட்டார் போடலாமான்னு மேல கேக்கறாங்க" என்று சொல்ல வேண்டும். "போடச் சொல்லுங்க தம்பி" என்று இவள் சொல்ல வேண்டும். பிறகு அவன் திரும்ப ஏறிப் போய் அதைச் சொல்ல வேண்டும். ஓர்ப்படிகள் இரண்டு பேருக்கும் நடுவில் வருஷக்கணக்காக இப்படி ஓடி ஓடியே அவனுக்குத் 'தபால்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் எலெக்ட்ரிக் வேலைக்குப் போகிற இடங்களிலும் அதே பெயர்தான்.

"தபால் வந்துச்சு அண்ணி" என்றான் அவன், சிரிக்க முயன்றபடி.

"பார்த்து இறங்குங்க தம்பி. இன்னும் துடைச்சு முடிக்கல."

பெரியவள் கையில் காய்ந்த துணி. தினமும் விடிந்ததும் அவளுக்கு முதல் வேலை அந்தப் படிகளைத் துடைப்பது. ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடைப்பாள். ஒவ்வொரு படியின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள். இந்தப் படிக்கட்டில்தான், தன் மகள் நாலாவது வகுப்பு படித்த காலத்தில், நிறைமாதமாக இருந்த சின்னவள் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே இல்லை.

"யாருடி படியில தண்ணி கொட்டினது?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அலறியபோது, பெரியவள் தலை குனிந்து, "நான்தான் அத்தை" என்றாள்.

கொட்டியது அவளில்லை. அவள் மகள். வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்த சின்னப் பெண். அந்தப் பழி பிஞ்சுத் தலையில் விழக்கூடாது என்று பெரியவள் தானே வாங்கிக்கொண்டாள். மாமியார் கண்மூடும்வரை அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சின்னவள் அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசவில்லை. பஸ் ஓட்டுகிற கணவர்கூடச் சில நாள், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் நீ" என்று பெருமூச்சு விடுவார். எல்லாவற்றையும் பெரியவள் விழுங்கினாள். முன்னறையில் இருந்த தையல் மிஷினில் அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுத்து, மகளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தாள்.

இப்போது அந்த மகள்தான் வயிற்றில் பிள்ளையோடு வந்திருக்கிறாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை. பிரசவம்வரை அம்மாவோடு இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தான். வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் சின்னவளே இறங்கி வருவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

அன்று காலையும் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தோளில் வெள்ளைக் கோட்டும் கையில் ஆப்பிள் துண்டுகளுமாக.

"என் தங்கமே... ஒரு துண்டாவது வாயில போடுடி. உனக்கில்லாட்டாலும் உள்ள இருக்கறதுக்கு வேணாமா?"

பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வயிற்றில் மெதுவாகக் கை வைத்தாள். உள்ளே குழந்தை அசைந்தது போலிருக்கிறது. சின்னவளின் முகம் மலர்ந்தது. "அடி கள்ளி! உதைக்கிறா பாரு சித்திப் பாட்டியை!"

அவ்வளவுதான். மகளின் உதடு துடித்தது. தட்டைத் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு தையலறைக்குள் ஓடினாள்.

சின்னவள் திகைத்துப் போனாள். பிறகு அவள் பார்வை பெரியவளைத் தாண்டிச் சுவரில் நிலைத்தது.

"காலங்காத்தால வயித்துப்பிள்ளைக்காரி அழற அளவுக்கு என்ன சொன்னாங்களோ! ஒருத்தி வயித்தெரிச்சல் போதாதா இந்த வீட்டுக்கு?"

பெரியவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். சுவருக்குச் சொன்ன வார்த்தை நெஞ்சில் வந்து இறங்கியது. பொறுத்துக்கொள்வது அவளுக்குப் பழகியிருந்தது.

தையலறையில் மகள் துணிமூட்டை மேல் குப்புறச் சாய்ந்திருந்தாள்.

"வயிறு அழுந்துது பாரு... எழுந்து உக்காரும்மா. என்ன ஆச்சு?"

"நான் இங்க இருக்கல. போயிடறேன்."

"எங்க போவ? மாப்பிள்ளை வர்றதுக்கு இன்னும்..."

"சித்தி என் வயித்துல கை வெக்கறாங்கம்மா! அவங்களுக்குக் கையில ஏந்த ஒண்ணும் இல்லாம போனதே என்னாலதான். எனக்கு ஊட்டி விடறாங்க... காலைப் பிடிச்சு விடறாங்க... ஒவ்வொரு வாயும் எனக்கு விஷமா இறங்குது!"

பெரியவள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். "மெதுவாப் பேசுடி! மேல கேட்டுடப் போவுது."

"கேக்கட்டும்!"

"அதான் நான் ஏத்துக்கிட்டேனே கண்ணு... உன் பேரு வெளிய வரவே இல்லியே. எத்தனை பேச்சு, எத்தனை இடி... எல்லாம் நான் வாங்கிக்கிட்டேன். யாருக்காக? உனக்காகத்தானே!"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்ணில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒரு களைப்பு இருந்தது.

"நீ வாங்கிக்கிட்டன்னு சொல்ற. ஆனா என்கிட்டருந்து அது போகலியேம்மா! அன்னிக்கே சித்தி கால்ல விழுந்து அழுதிருந்தா, ரெண்டு அடி வாங்கியிருப்பேன்... அழுது முடிச்சிருப்பேன். நீ என் வாயை மூடிட்ட. இப்ப என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்னு தினம் தினம் செத்துட்டிருக்கேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதடி..."

"அதுவுமில்லாம..." மகள் தயங்கினாள். "நான் உன்கிட்ட சொன்னேன்மா."

"என்ன சொன்ன?"

"வாளி சாஞ்சதும் ஓடி வந்து சொன்னேன். 'அம்மா, படியெல்லாம் சோப்புத் தண்ணி'ன்னு. நீ மிஷின்ல இருந்த. தலையைக்கூடத் தூக்கல. 'சரி, நான் பார்த்துக்கறேன், நீ ஸ்கூலுக்குப் போ'ன்னு சொன்ன. நீ துடைச்சிடுவன்னு நம்பித்தான் போனேன்..."

பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலம்மா. எப்படியோ மறந்திருப்ப. விடு." மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறந்திருப்பாய்... அப்படித்தான் மகள் இத்தனை காலம் தன் அம்மாவைக் காப்பாற்றி வந்திருக்கிறாள்!

பெரியவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் ஒரு வாடிக்கைக்காரி பாவாடை நாடா மாற்ற வந்து கூப்பிட்டாள். "நாளைக்கு வாங்கம்மா" என்றாள். குரல் தன்னுடையதாகவே இல்லை.

மறந்தாள் என்று சொல்ல முடியாது. நினைவு எட்டாத இடத்தில் அதை வைத்துப் பூட்டியிருந்தாள். இன்று மகளே வந்து திறந்துவிட்டாள்.

சின்னவள் விழுந்த அந்தக் காலையில் அவளுக்கு மட்டும் பால், சின்னவளுக்கு மட்டும் பழம். "சின்னவளை எழுப்பாதீங்க, தூங்கட்டும்" என்று மாமியார் வேறு. பெரியவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது கடைசி நாள்வரை தண்ணீர்க் குடம் தூக்கினாள்; அப்போது யார் என்ன கேட்டார்கள்? அந்தப் புகைச்சலோடுதான் ஒரு பேண்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து சொன்னது காதில் தெளிவாக விழுந்தது. எழுந்திருக்கத்தான் நினைத்தாள். 'இன்னும் ஒரே ஒரு தையல்' என்று உட்கார்ந்தாள். அது முடிந்ததும் பேண்ட்டின் இன்னொரு காலையும் மடிக்க எடுத்தாள். அப்போது மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. யாரும் கேட்காத வாக்கியம்.

'ஒரு நாளாவது அவளும் கீழே பார்த்து நடக்கட்டுமே!'

அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

பெரியவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகளுக்காகப் பொய் சொன்னேன், மகளுக்காகப் பழி சுமந்தேன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாளே... அவள் சொன்னது பொய்யே இல்லை! பாதிக்கு மேல் உண்மை. அந்த உண்மைக்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். 'உங்களை மாதிரி பொறுமை யாருக்கு வரும்' என்று துணி தைக்க வருகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் குளிர்ந்தாள். அந்தக் குளிர்ச்சியில் மகள் வாடுவதைப் பார்க்கவில்லை. மாடியில் ஒருத்தி உருகுவதையும் பார்க்கவில்லை. சாமி கும்பிடும்போதுகூட, 'எனக்கு ஏன் இந்தச் சோதனை' என்றுதான் கேட்டிருக்கிறாள். 'நான் என்ன செய்தேன்' என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

சாயங்காலம் சின்னவள் வேலையிலிருந்து திரும்பி மாடிக்குப் போனதும், பெரியவள் எழுந்தாள். படிகளில் ஏறத் தொடங்கினாள். பின்னாலேயே மகள் வந்தாள்.

"நானும் வரேன்மா. என்னோடதை நான்தான் சொல்லணும்."

பெரியவள் தடுக்கவில்லை. மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த தபால் இருவரையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே சின்னவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மகள்தான் முதலில் சொன்னாள். அழுதுகொண்டே, அந்த நாலாவது வகுப்புப் பெண்ணைப்போலவே சொன்னாள். வாளி, படி, சோப்புத் தண்ணீர். சின்னவள் ஈரக் கையோடு வந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

"அட பைத்தியமே! வாளி உசரம்கூட இல்லடி நீ... உன் மேல எனக்கென்ன கோவம்? இதையா மனசுல வெச்சு மருகிட்டிருந்த?" அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, பெரியவளை நேராகப் பார்த்தாள். கண்ணில் வியப்பு. "அப்போ... நீங்க பண்ணலியா? புள்ளைக்காகவா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

இங்கேயே நிறுத்தியிருந்தால் பெரியவள் அந்த வீட்டில் தெய்வமாகியிருப்பாள். அந்தக் கணம் அவளுக்கும் அது தெரிந்தது.

"இல்ல" என்றாள். "என்னை அப்படிப் பார்க்காத. இவ வந்து என்கிட்ட சொன்னா. தண்ணி கொட்டியிருக்குன்னு எனக்குத் தெரியும். துடைக்கலாம்னு நினைச்சேன்... எழுந்திருக்கல. உன் மேல எரிச்சல். எல்லாரும் உன்னைத் தாங்கறாங்களேன்னு பொறாமை. 'ஒரு நாள் அவளும் கீழ பார்த்து நடக்கட்டுமே'ன்னு நினைச்சேன். விழணும்னு நினைக்கல... சத்தியமா நினைக்கல. ஆனா எழுந்திருக்கல."

திறந்து கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"நான் விழுந்த சத்தம்... கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

சின்னவள் தலையை ஆட்டினாள். எதற்கு என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"போங்க" என்றாள். "ரெண்டு பேரும் கீழ போங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து வந்த அழுகை மனிதக் குரல்போல இல்லை.

அதன் பிறகு மாடியிலிருந்து தபாலும் வரவில்லை. மோட்டாரை அவர்களே போட்டார்கள், அவர்களே நிறுத்தினார்கள். கொழுந்தன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். கணவரிடம் பெரியவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "என்கிட்டகூட சொல்லலியே நீ" என்றார். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவள் யாரிடமும் சமாதானம் சொல்லவில்லை. 'என்னை யாரும் புரிஞ்சுக்கல' என்று நெஞ்சுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய புலம்பல் நின்றுபோயிருந்தது. வலித்தது, முன்பைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் இது அவளுக்குச் சொந்தமான வலி.

ஒன்று மட்டும் நடந்தது. மகள் சாப்பிட ஆரம்பித்தாள். மத்தியான வேளையில் அசந்து தூங்கினாள். தூக்கத்தில் அவள் கை தன் வயிற்றின்மேல் தானாகப் போய்ப் படிந்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், தையலறை வாசலில் நிழல் தட்டியது. பெரியவள் நிமிர்ந்தாள். சின்னவள்! மெலிந்திருந்தாள். கையில் அவளுடைய வெள்ளைக் கோட்டு.

"பாக்கெட் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

பெரியவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நூலைக் கோக்க முடியவில்லை; கண் மறைத்தது. சின்னவள் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல" என்றாள்.

"வேணாம்."

"கோவம் இருக்கு. அது இருக்கும்."

"இருக்கட்டும்மா. இருக்க வேண்டியதுதான்."

"நிஜத்தைச் சொன்னீங்களே... அது வரைக்கும் சந்தோஷம்." குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா எல்லாரும் நான் விழுந்ததைப் பத்தியே பேசினாங்க. யாரு கொட்டினா, யாரு துடைக்கல... அதையே. அந்தக் குழந்தையைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கல. அவரும் கேக்கல. ஒரு உசிரு வந்துட்டுப் போச்சேன்னு..."

பெரியவள் ஊசியைக் கீழே வைத்தாள். அவளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு. மூக்கு அப்படியே அவர் மூக்கு... ஒரே ஒரு தடவைதான் காட்டினாங்க."

"ஐயோ... என் கண்ணே..."

"பேரு வெச்சிருந்தேன். வயித்துல இருக்கும்போதே அந்தப் பேரைச் சொல்லித்தான் பேசுவேன். யாருக்கும் தெரியாது. அவருக்குக்கூடத் தெரியாது."

சின்னவள் குனிந்து, பெரியவளின் காதருகே அந்தப் பெயரைச் சொன்னாள்.

பெரியவள் அதை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சின்னவளின் உடல் அதிர்ந்தது. இத்தனை காலமாகத் தன் குரலில் மட்டுமே கேட்ட பெயர், முதல் முறையாக இன்னொருவர் குரலில்! அவள் பெரியவளின் மடியில் முகத்தைப் புதைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெரியவள் அவளைக் கட்டிக்கொண்டு, முதுகைத் தடவியபடி தானும் அழுதாள்.

"இன்னொரு தடவை சொல்லுக்கா..."

பெரியவள் சொன்னாள்.