விட்டுவந்த இரண்டு துவக்குகள்

மத்தியானம் ஒன்றரை மணிக்கு முற்றத்து விளக்குகள் எரியத் தொடங்கின. நடைபாதை ஓரமாகக் குத்திவைத்த சின்னச் சின்ன சோலார் விளக்குகள் அவை. பொழுதுபட்டு இருட்டினால் மட்டும் தாமாக எரிபவை. குசினி யன்னலருகே பிளேன்ரீக் கோப்பையோடு நின்ற நித்தியானந்தன், முதல் விளக்கு எரிந்தபோது ஏதோ பழுது என்று நினைத்தார். பிறகு அடுத்தது எரிந்தது. ஒவ்வொன்றாக, படலை வரைக்கும். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். காலையிலிருந்து மேற்கு மலைக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்த புகை, அவர் சமைத்துச் சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு மேலே வந்து மூடியிருந்தது. வானம் துலக்காத பித்தளையின் நிறத்தில் இருந்தது. கொக்கற்றூக் கிளிகள் கத்தாத மத்தியானம் அந்தக் காட்டில் கிடையாது. இன்றைக்கு ஒன்றுகூடக் கத்தவில்லை. கருகிய யூகலிப்ரஸ் இலையொன்று, நரம்புகூடக் குலையாமல், யன்னல் விளிம்பில் மெல்ல வந்து இறங்கியது. தொட்டார். மாவாகிப் போனது.

சிட்னியிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் வருகிற பன்னிரண்டு ஏக்கர் காணி அது. பாவற்காயும் கத்தரியும் முருங்கையும் வைத்து, ஞாயிறுகளில் சிட்னிப் புறநகரான டூங்கபியிலுள்ள தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். முயலும் மானும் பாத்திகளை அழித்ததால் லைசென்ஸ் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துவக்குகள் வாங்கினார். மனைவி இரஞ்சிதத்துக்கு அது பிடிக்கவில்லை. வன்னியில் போருக்குள் இடம்பெயர்ந்து நடந்த நாட்களில் அவள் கண்டதையெல்லாம் அவரும் கண்டவர்தான். ஆனாலும் துவக்கு இருக்கிற வீட்டில் தனக்கு நித்திரை வராது என்று அவள் சொன்னாள். மகள் வினுஷாவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக டூங்கபிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிறுகளில் மரக்கறி இறக்கிவிட்டு அவர் அங்கே சாப்பிடுவார். சாப்பிட்டு முடிய, வெளிச்சம் இருக்கும்போதே வெளிக்கிடச் சொல்லி அவள் நினைவூட்டுவாள். நாலு வருசமாகிவிட்டது. கிழமையில் ஆறு நாள் பெரும்பாலும் அவர் தன் குரலைத் தானே கேட்பதில்லை.

கைபேசி நீளமாகக் கூவியது. உடனே வெளியேறச் சொல்லும் அறிவிப்பு. பாஸ்போட், காணி உறுதி, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் யூட் வண்டியில் எறிந்துவிட்டு வெளிக்கிட்டார். பத்து நிமிடம்கூட ஓடவில்லை. இரண்டாவது வளைவில் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனான மரமொன்று றோட்டுக்குக் குறுக்கே கிடந்தது; அதற்கு அப்பால் இரண்டு கரையும் எரிந்துகொண்டிருந்தன. வேறு றோட்டு இல்லை. அவசர இலக்கத்துக்கு அடித்தபோது எடுத்த பெண், பதற்றமே இல்லாத குரலில், காட்டுப்பாதையால் ஆற்றுக்கு இறங்கும்படியும், கம்பளிப் போர்வையை நனைத்துத் தலையை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கும்படியும் சொன்னாள். வாகனம் எதுவும் இப்போது வரமுடியாது. இரண்டு நாளாகலாம், மூன்று நாளாகலாம் என்றாள். அவருடன் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார்.

வீட்டுக்குத் திரும்பித் தோள்பையில் தண்ணீரையும் மீன் ரின்களையும் போர்வையையும் அடைத்த பிறகு, படுக்கையறைச் சுவரோடு பொருத்தியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய் மணம் வந்தது. மூன்று துவக்குகளும் வரிசையாக நின்றன: முயலுக்கான சின்னது, பெரிய றைபிள், இரட்டைக்குழல்.

மூன்று நாள் காட்டில் தனியே நிற்க ஒரு துவக்கு வேண்டும்; ஒன்றைத்தான் தூக்கமுடியும். பக்கத்துக் காணிக்காரன் எறிக்கோடு இதைப்பற்றி எத்தனையோ பின்னேரங்கள் விளையாட்டாக வாதாடியிருக்கிறார். மன்னார்க்காரனான எறிக் காலையிலேயே மனைவி மாக்கிறேட்டை ஏற்றிக்கொண்டு சிட்னிப் பக்கம் லிட்கம்மில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய பதில் எப்போதும் ஒன்றுதான்.

“நித்தி அண்ணை, ஒண்டைத்தான் தூக்கலாம் எண்டால் சின்னனைத் தூக்குங்கோ. பாரமில்லை. நூறு குண்டு பொக்கற்றுக்குள்ள கிடக்கும். முயல் சுட்டுச் சாப்பிடலாம்.”

பெரிய றைபிள் காட்டுப்பன்றியையும் விழுத்தும். ஆனால் ஆற்றுக்கு நாலு கிலோமீற்றர் நடந்தபின் அது ஒரு பிள்ளையின் பாரம். இரட்டைக்குழலுக்குப் புகைக்குள் குறிபார்க்கத் தேவையில்லை, கிட்ட வருகிற எதையும் அது நிறுத்தும். ஆனால் இரண்டே வெடி, பிறகு திறந்து புதுத் தோட்டா போடவேண்டும். அவருடைய அறுபத்தொரு வயது முழங்கால்கள் முடிவெடுத்தன. சின்னதை எடுத்துத் தோளில் மாட்டினார். மற்ற இரண்டையும் உள்ளே விட்டுப் பூட்டினார். கைபிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

காட்டுப்பாதையில் காற்றே இல்லை. எங்கோ தொலைவில் பெரிய லொறிகள் ஏற்றத்தில் இழுப்பதுபோல ஒரு முழக்கம் மட்டும் விடாமல் கேட்டது. அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. மரங்களின் பட்டை உரிந்து தொங்கியது, எல்லாம் ஒரே செம்மஞ்சளாகி, நிழல் என்று ஒன்றே இல்லாமல் போயிருந்தது. எரிந்த எண்ணெயும் கற்பூரமும் கலந்ததுபோன்ற அந்தப் புகை நாக்கில் ஒட்டியது. தன் காலடிச் சத்தத்தைத் தவிர அருகில் எதுவும் இல்லை என்பது முதலில் ஆறுதலாக இருந்தது.

முதல் கிலோமீற்றர் முடியுமிடத்தில் ஒரு பெண் கங்காரு பாதை நடுவே குந்தியிருந்தது. எங்கேயோ நெருப்பைக் கடந்து வந்திருக்கிறது. பாதங்கள் இரண்டும் எரிந்து, முதுகு மயிர் உருகிக் கட்டியாகியிருந்தது. நடுங்கியபடி, குழந்தை இருமுவதுபோல இருமிக்கொண்டிருந்தது. செய்யவேண்டியது என்னவென்று காணி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். பத்து அடி தூரம்தான். துவக்கை எடுத்தார், குண்டை ஏற்றினார். அது அவரைப் பார்த்தது. விரல் மடங்கவில்லை. வன்னியில் ஒரு ஒழுங்கையோரம் காயப்பட்ட ஒருத்தர் இப்படித்தான் கிடந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனார்கள், நித்தியானந்தனும் போனார். இப்போதும் துவக்கை இறக்கி, பற்றைக்குள் கால்வைத்துச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இருமல் பின்னால் வந்துகொண்டே இருந்தது. வளைவு கடந்தும் கேட்டது.

பிறகு ஒரு வெடி.

சின்ன வெடியல்ல. நெஞ்சுக்குள் இடித்த வெடி. இருமல் நின்றுவிட்டது.

இரட்டைக்குழலின் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். அசையாமல் நின்றார். வீட்டில் நெருப்புப் பிடித்துத் தோட்டாக்கள் வெடிக்கின்றன என்று நினைக்கப் பார்த்தார். ஆனால் சத்தம் வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை, அந்த வளைவிலிருந்து வந்தது. யாரோ தீயணைப்புக்காரர். யாரோ காணிக்காரன். இந்த நாட்டில் இரட்டைக்குழல் அவரிடம் மட்டுமா இருக்கிறது? ஆங்கிலத்தில் யாரது என்று கூப்பிட்டார். பிறகு எறிக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாலு நாளாக அந்த அவசர அழைப்பைத் தவிர ஒருவரோடும் பேசாத குரல், பாதியில் உடைந்தது. புகை அதை விழுங்கிக்கொண்டது. சட்டைக்குள் கைவிட்டுத் திறப்பைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

நடையைக் கூட்டினார். இடப்பக்கப் பள்ளத்தில் ஒரு மான்குட்டி அலறியது. நீளமாக, மனிசர்போல. அலறி முடியுமுன் காய்ந்த கம்பு முறிவதுபோலக் கூர்மையான வெடியொன்று காட்டைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு அமைதி.

பெரிய றைபிள்.

இப்போது ஓடினார். பாதை சரிந்து இறங்குமிடத்தில் கைபேசி அடித்தது. இரஞ்சிதம். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளாக எடுக்கிறாள்.

“எங்க நிக்கிறியள்?”

“ஆத்துக்கு இறங்கிறன். நீர் பயப்படாதையும்.”

“ஆர் உங்களோட வாறது?”

“ஒருத்தருமில்லை. தனிய.”

“பொய் சொல்லாதேங்கோ. பக்கத்தில நடக்கிற சத்தம் கேக்குது.”

“அது என்ர காலடி. இந்தா, நிண்டிட்டன்.”

அவர் நின்றார். மூச்சையும் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நிக்கேல்லை,” என்றாள் மெதுவாக. “இப்பவும் நடக்குது.”

தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தார். சிக்னல் இல்லை.

அவருக்கு ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதையின் பின்பக்கம் முழுக்கப் புகை. முன்பக்கமும் புகை. சின்னத் துவக்கை அதற்குள் நீட்டினார். எதைச் சுடுவது? மூன்றில் எது கையில் இருந்தாலும் சுட ஒன்றும் இருந்திருக்காது. விட்டுவந்த இரண்டும் இப்போது எங்கே நிற்கின்றன, யார் கையில் நிற்கின்றன என்ற நினைப்பைத் தலையை உதறித் தள்ளிவிட்டு ஓடினார்.

ஆறு வற்றியிருந்தது. நடுவில் மட்டும் நெஞ்சளவு தண்ணீர். பையைக் கரையில் எறிந்து, போர்வையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, துவக்கைத் தோளோடு அணைத்தபடி கழுத்துவரை அமிழ்ந்து குந்தினார். தண்ணீர் குளிர்ந்தது. மூச்சு சுட்டது. அப்போது முழக்கம் மலை விளிம்பைத் தாண்டியது, காடு முழுவதும் ஒரே தரத்தில் மூச்சை இழுத்ததுபோல இருந்தது, போர்வைக்குள்ளேயும் எல்லாம் சிவப்பாகியது.

நெருப்பு ஆற்றுக்கு மேலால் போனது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. மூக்குவரை அமிழ்வார், எழும்புவார், போர்வையை மறுபடி நனைப்பார். அந்த முழக்கத்துக்குள்ளும் கேட்டது. முதலில் ஒரு அலறல், ஏதோ ஒரு மிருகம். பிறகு வெடி. அமைதி. இன்னொரு அலறல். வெடி. அவசரமே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சீராக நடந்துபோக எவ்வளவு நேரமோ அவ்வளவு இடைவெளி. கரையிலிருந்தல்ல. நெருப்புக்கு அப்பாலிருந்துமல்ல.

நெருப்புக்குள்ளிருந்து.

அப்போதுதான் விளங்கியது. கத்துகிற ஒவ்வொன்றையும் தேடித்தான் அது வருகிறது. கத்தாததை அது தேடவில்லை.

ஒரு தணல் போர்வையின் ஓட்டைக்குள்ளால் விழுந்து கழுத்தில் ஒட்டியது. தோல் பொசுங்கும் மணம். போர்வையைக் கடித்தார். பல் உடையுமளவுக்குக் கடித்தார். கத்தவில்லை.

வெடிகள் குறைந்தன. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு இல்லை.

போர்வையை விலக்கியபோது பின்னேரம் ஆறு மணியிருக்கும். சூரியன் சிவப்புத் தட்டாக மேற்கில் நின்றது. மரங்கள் கரிக்கம்பங்களாகிப் புகைந்தன. கரையில் எறிந்த பை ஒரு கறுப்புத் திட்டு. சாம்பல் மட்டும் சத்தமின்றி, பனிபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நின்றார். எதிர்க்கரை மணல்திட்டைப் பார்த்தார்.

வரிசையாகக் கிடத்தியிருந்தது.

கரையோரத்தில் ஒரு முயல். அடுத்து பூனையளவில் ஒரு பொசம். குட்டிப் பன்றியளவில் ஒரு வொம்பற். சின்னக் கங்காருபோன்ற வலபிகள் இரண்டு. மான்குட்டி. பாதங்கள் எரிந்த பெண் கங்காரு. சிறியதிலிருந்து பெரியது வரைக்கும், ஒரே இடைவெளியில், தலையெல்லாம் ஆற்றின் பக்கம். யாரோ கால்களை ஒழுங்காக மடித்துவிட்டிருந்தார்கள். கண்களை மூடிவிட்டிருந்தார்கள். சுற்றியிருந்த சாம்பலில் ஒரு அடித்தடம்கூட இல்லை.

கங்காருவுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில், ஒன்றும் இல்லை. அங்கே கல்லும் கரியும் பொறுக்கப்பட்டு மணல் மட்டப்படுத்தியிருந்தது. அகலம் ஒரு ஆளின் தோளளவு. நீளம் அவருடைய உயரம். ஆற்றுப் பக்கத்து முனையில், தலை வைக்க, மணலைக் கொஞ்சம் கூட்டிவிட்டிருந்தது.

நெஞ்சுக்குள் நிறைந்திருந்த புகை அசைந்தது. இருமல் தொண்டைக்கு ஏறியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினார். சின்னத் துவக்கு நழுவித் தண்ணீருக்குள் போனது. அவர் குனியவில்லை. அவருடைய கண்கள் அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

சாம்பல் எல்லாவற்றின் மேலும் விழுந்துகொண்டிருந்தது. மிருகங்களின் முதுகில், மணலில், தண்ணீரில், அவருடைய தலையில். மட்டப்படுத்திய அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒரு துகள் படிந்திருக்கவில்லை. மணலில் விரல்கள் இழுத்த கோடுகள் ஈரமாக இருந்தன.