டுகலூவில் படுத்த விருந்தாளி

விசாலாக்ஷி படுக்க வைத்தது ஒரே ஒரு பொம்மையைத்தான். சுண்டல் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், மூன்று பொம்மைகள் படுத்திருந்தன.

ஏசி காற்றில் சாய்ந்திருக்கும் என்று நினைத்தாள். ஏசி ஓடவில்லை. தானாக விழுந்த பொம்மை கோணல்மாணலாகக் கிடக்கும். இவை வாசல் பக்கம் தலையை வைத்து, முகம் தரையில் பதிய, வரிசையாகக் குப்புறக் கிடந்தன.

பிளசன்டனில் கொலு வைக்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ச் சங்கம் தீம் கொலுப் போட்டி என்று ஒன்றை ஆரம்பித்ததிலிருந்து ஊர்ப் பெண்களுக்குத் தூக்கம் போயிற்று. போன வருஷம் எழிலரசி செவ்வாய்க் கிரகத்தையே வரவேற்பறையில் இறக்கிப் பரிசைத் தட்டிக்கொண்டு போனாள். விசாலாக்ஷிக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால், மகள் தீக்ஷா பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி, கிரீக் மக்களின் போர்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்தபோது, அம்மாக்காரி அதை அப்படியே கொலுவுக்குத் தூக்கிக்கொண்டாள்.

படிகளுக்குக் கீழே களிமண்ணில் டுகலூ என்ற செரோக்கி ஊர். நடுவில் வட்டமான சபை வீடு. முந்நூறு வருஷத்துக்கு முன், வெள்ளைக்காரர்களை எதிர்க்கத் துணை கேட்டு அந்த ஊருக்குக் கிரீக் தூதர்கள் வந்தார்கள். விருந்தாளிகளாக வந்தவர்களை ஊர்க்காரர்கள் கொன்றுபோட்டார்கள். பிறகு ஒரு தலைமுறை காலம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் செத்தார்கள். விசாலாக்ஷியின் டுகலூவில் தூதர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் சிவப்புத் தடியை ஓங்கி நின்றார்கள். அடி விழுவதற்கு முந்தின நொடி. வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பரிசும் கிடைத்தது.

இன்று விஜயதசமி. ஆரத்தி முடிந்ததும் ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும். அதோடு கொலு முடிந்தது. வழக்கமாக மேல்படி மரப்பாச்சி படுக்கும். இந்த வருஷம் டுகலூ வழியை அடைத்துக்கொண்டதால் அது எட்டவில்லை. கைக்கு அகப்பட்ட தூதன் ஒருவனைச் சபை வீட்டுக்குள்ளேயே சாய்த்து, "தூங்குப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். எந்தப் பொம்மை படுத்தால் என்ன?

"அம்மா, வை டிட் யூ டூ தட்?" இப்போது தீக்ஷா பின்னால் நின்றாள்.

"ஒண்ணைப் படுக்க வைக்கணும்டி. அதான் வழக்கம்."

"பட் ஹீ வாஸ் தி கெஸ்ட். யூ கில்ட் ஹிம்."

குழந்தை சிரிக்காமல் சொன்னது. அந்த மக்களின் சட்டத்தையும் சொன்னது. ஒருவனைக் கொன்றால் அவன் குலத்தார் பழி வாங்கியே ஆக வேண்டுமாம். கொன்றவனே சாக வேண்டும் என்றில்லை. அவன் குலத்தில் யார் அகப்பட்டாலும் சரி. குலம் அம்மா வழியில் வருவது.

"ஸோ நாட் அப்பா. ஒன்லி யூ, ஆர் எல்ஸ் மீ."

"சரிடி பெரிய வக்கீல். கை அலம்பிண்டு வா, சாப்பிடலாம்."

சொல்லும்போதே வாசனை வந்தது. கற்பூரமும் சாமந்தியும் தேங்காயும் மணக்கிற அறையில், எங்கிருந்தோ ஈர விறகின் புகை மெல்ல நுழைந்து, திரைச்சீலையில் தங்கி, தொண்டையில் காறிக்கொண்டு, அதற்கு அடியில் மழையில் நனைந்த தோலின் வாடையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. புகை என்றாலே இந்த ஊரில் காட்டுத்தீ பயம். அவள் கணவன் பிரணவ் கையில் ஃபோனோடு வந்தான்.

"எங்கயாவது ஃபயரான்னு பார்த்தேன். ஏர் குவாலிட்டி க்ரீன்லதான் இருக்கு. ஆனா கராஜ் பூரா சேறு, விசாலி. யாரு வெறுங்காலோட நடந்தா?"

மழை பெய்து மாதக்கணக்காயிற்று. அவள் கொலுவின் முன் மண்டியிட்டாள். இப்போது தூதர்கள் எல்லோருமே குப்புறக் கிடந்தார்கள். ஓங்கியிருந்த தடிகள் இறங்கியிருந்தன. ஒருவனை நிமிர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று விரலை வைத்தாள். காய்ந்து கல்லாகியிருந்த களிமண் வெதுவெதுப்பாக அமுங்கியது. விரல் சிவந்தது. பெயின்ட். பெயின்ட்தான். மோந்து பார்த்தாள். துருப்பிடித்த இரும்பின் வாடை.

கதவு தட்டப்பட்டது.

"வள்ளி ஆன்ட்டி தாம்பூலத்துக்கு வந்திருப்பா" என்று பிரணவ் போனான்.

"தொறக்காதே!"

திறந்துவிட்டான். ஒரு கை அவன் தோளைப் பிடித்து, வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவதுபோல் ஓரமாகத் தள்ளியது. சுவரில் தலை மோதிச் சரிந்தான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொலுவின் தூதர்களைப் போலவே தோலாடை உடுத்தியவர்கள் உள்ளே வந்தார்கள். முழங்கால்வரை சேறு. வெகுதூரம் நடந்த களைப்பு. அவர்கள் முகத்தில் வெறி இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இருந்தது துக்கம். அண்ணனையோ தம்பியையோ வாரிக்கொடுத்தவர்களின் முகம். முன்னால் வந்தவன் விசாலாக்ஷியைப் பார்த்தான். பிறகு தீக்ஷாவை. மறுபடி விசாலாக்ஷியை. இரண்டில் ஒன்று. எதுவானாலும் அவனுக்குச் சரி.

தீக்ஷாவின் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"நான்தான்!" விசாலாக்ஷி பாய்ந்து குறுக்கே விழுந்தாள். "நான்தான் படுக்க வெச்சேன். குழந்தை தொடவே இல்ல. என்னை எடுத்துக்கோங்கோ."

அவன் நின்றான். அவளுக்கு வாழ்க்கையில் இவ்வளவு பயம் வந்ததில்லை. ஆனாலும் நகரவில்லை.

தடி உயர்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிவது அவள் காதிலேயே கேட்டது. அடுத்த அடி விலாவில். மூச்சு போயிற்று. அடுத்தது தலையில். கண்ணில் சூடாக வழிந்தது. வலி. வாயில் உப்பு. தீக்ஷா எங்கே? அதோ. நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கீறல்கூட இல்லை. போதும். பெருமாளே, போதும்.

அவர்கள் திரும்பினார்கள். போகுமுன் அடித்தவன் குனிந்து, தடியைத் தீக்ஷாவின் காலடியில் வைத்தான். எறியவில்லை. வைத்தான். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியேறினான்.

தீக்ஷா அழவில்லை. அம்மாவின் அருகே உட்கார்ந்தாள். தரையில் பரவிய ரத்தத்தில் உள்ளங்கையை முழுசாக வைத்து எடுத்து, நெற்றியிலிருந்து தாடைவரை இழுத்துப் பூசிக்கொண்டாள். பிறகு தடியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

அப்போதுதான் விசாலாக்ஷிக்குப் புரிந்தது. இப்போது செத்துக்கொண்டிருப்பது தீக்ஷாவின் குலம். இனிப் பழி வாங்க வேண்டியவள் அவள்.

"வேண்டாண்டி." உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

குழந்தை அப்பாவைத் தாண்டி வெளியே போனாள். புல்வெளியில் வெறுங்கால்கள் ஓடும் சத்தம். ஓர் அடி. ஆண் குரலில் ஓர் அலறல். இன்னோர் அடி. அலறல் பாதியில் நின்றது.

தீக்ஷா திரும்பி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி, சொட்டும் தடியை ஓங்கிக்கொண்டு நின்றாள். தெருமுனையிலிருந்து இன்னும் நிறையக் கால்கள் அவளை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தன.