வாயைத் திறந்து பேசவும்

"ஏங்க... அது என் கால்."

கடுகு நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸுக்கு வெளியே கொட்டுகிற மழை, உள்ளே சொட்டுகிற குடைகள். அவள் ஸீட்டை ஒட்டி நின்றவன் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியையும் மரியாதையையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தாள். அவனுடைய கறுப்பு ஷூவின் மேல் அவளுடைய குதிகால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஒரு தடவைன்னா தெரியாமப் பட்டிருக்கும்னு விட்டுடலாம்... இது மூணாவது தடவை. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

மிதித்தவள் இவள். மன்னிப்புக் கேட்டவன் அவன்!

நியாயமாகப் பார்த்தால் குற்றம் கடுகுடையது அல்ல, அவள் புதிதாகச் சேர்ந்திருந்த வேலையுடையது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதையும் கொடுத்த மருந்தையும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்ஃபோனில் கேட்டு ரிப்போர்ட்டாக டைப் செய்து தருவது அவள் வேலை. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று வாய் நிறையப் பெயர். கை இரண்டும் கீபோர்டில் இருப்பதால், பதிவை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலின் பொறுப்பு. மேஜைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். விரல் பக்கம் அழுத்தினால் ஓடும். குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய், சொன்னதையே மறுபடி சொல்லும்.

இப்போது முன் ஸீட்டு அம்மாள் தன் மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையை போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். சரியாக முக்கியமான இடம் வரும்போதெல்லாம் டிரைவர் ஹாரன் அடித்துத் தொலைத்தார். மறுபடி கேட்கவேண்டும் என்று கடுகுக்குத் தோன்ற, குதிகால் தானாக அழுத்தியது... பாவம், அது அவன் கால்!

"ஸாரிங்க... என் கால்... தானா..." என்று இழுத்தாள்.

"தானாவா? நரம்புல ஏதாவது பிரச்சினையா? நான் டாக்டர்தான். பயப்படாமச் சொல்லுங்க."

கடுகின் காது விடைத்தது. அந்த 'சிரமத்துக்கு மன்னிக்கணும்'... அந்தக் குரல்... ஐயோ, இது முணுமுணு டாக்டர்!

அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசுவான். பாதி வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிடும். அவனுடைய பதிவு வந்தால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் திடீரென்று தலைவலி வரும். புதிதாக வந்தவள் தலையில் கட்டிவிடுவார்கள். இளைத்தவள்தானே!

ஆக, சில மாதங்களாகக் கடுகு அவனோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள், காது வழியாக. அவன் இருமினால் இவளுக்குத் தொண்டை கரகரக்கும். அவன் பெருமூச்சு விட்டால் இவளும் விடுவாள். மற்ற டாக்டர்கள் 'அவ்வளவுதான்' என்று பட்டென்று முடித்துக்கொள்வார்கள். இவன் மட்டும், யாரென்றே தெரியாத டைப் அடிப்பவளிடம் 'சிரமத்துக்கு மன்னிக்கணும்... நன்றி' என்பான். அந்த நன்றிக்காகவே கடுகு அவன் முணுமுணுப்பை மன்னித்துவந்தாள்.

வழுக்கைத் தலை, தொப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி என்று மனத்துக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். எதிரே நின்றவனுக்கோ நெற்றி முழுக்க ஈர முடி. இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... ஒருவரைத் திட்டவே தெரியாத கண்கள். கடுகுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

*

மறுநாளும் அதே பஸ். அதற்கு அடுத்த நாளும்.

"இன்னைக்கு என் காலுக்கு உத்தரவாதம் உண்டா?" என்பான் ஏறியதும்.

"நீங்க காலை எங்க வைக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது."

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"உட்கார்ந்து பார்க்கிற வேலை."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் இருந்தது. சேர்ந்த புதிதில் அவனுடைய ஒரு பதிவோடு அரை நாள் மல்லுக்கட்டி, எரிச்சலில் ரிப்போர்ட்டின் அடியில் 'தயவுசெய்து வாயைத் திறந்து பேசவும்' என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அம்மா சும்மாவா அந்தப் பெயர் வைத்தாள்! அதற்காக, அலுவலகத்தில் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் லீடர் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது. 'இன்னொரு புகார் வந்தா, வேலை நிரந்தரம் ஆகாது, சொல்லிட்டேன்.'

அந்தக் குறிப்பை அவனும் மறக்கவில்லை.

"எங்க ஆஸ்பத்திரிக்கு டைப் பண்றவங்கள்ல ஒருத்தங்க என்னை வாயைத் திறந்து பேசச் சொல்லி எழுதியிருக்காங்க. ரிடையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ்னு நினைக்கிறேன். கையில பிரம்போட உட்கார்ந்திருப்பாங்க."

"ரொம்ப நல்ல மனுஷியா இருக்கும்" என்றாள் கடுகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

*

பிறகு வந்தது அந்தப் பதிவு.

ஒரு நோயாளியின் நெஞ்சுச் சளியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வந்தவனுக்கு நடுவில் போன் வந்திருக்கிறது. பதிவை நிறுத்த மறந்துவிட்டான்.

"அம்மா, டியூட்டியில இருக்கேன்மா... ஞாயித்துக்கிழமையா? உன் ஃபிரெண்டு தாராளமா சாப்பிட வரட்டும்... பொண்ணையும் கூட்டிட்டு வர்றாங்களா? எதுக்கு?... அம்மா, வேண்டாம்மா. என் மனசுல ஒருத்தி இருக்கா..."

கடுகின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

"பஸ்ல வர்றா. கோபம் வந்தா மூக்கு மட்டும் சிவக்கும்... என்ன வேலையா? தெரியாது. என் காலை மிதிப்பா... சிரிக்காதம்மா! இன்னும் சொல்லலை. அவ முன்னாடி எனக்கு வாயே வரமாட்டேங்குது... சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா நீ காட்டுற பொண்ணையே பார்க்கிறேன். போதுமா?"

ஒரு செருமல். அப்புறம், "நோயாளிக்கு இரண்டாம் நாள் சளி குறைந்திருக்கிறது."

அம்மாவிடம் மட்டும் அட்சர சுத்தமாகப் பேசுகிறான், பாவி!

சொந்தப் பேச்சு வந்தால் கேட்காமல் தாண்டிப் போகவேண்டும் என்பது விதி. கடுகு தாண்டவில்லை. குதிகால் தேயத் தேய, அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். டைப் செய்தது என்னவோ சளியை மட்டும்தான்.

அன்று மாலை வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, வெறும் தட்டைப் பார்த்துச் சிரிக்கிற? வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குப் பல்லைக் காட்டுற? நல்ல வேலைக்குப் போய்ச் சேர்ந்த, போ! காதுல எதையோ மாட்டிக்கிட்டு நாள் பூரா காலை ஆட்டுற. அதுக்கு எங்கூட உட்கார்ந்து மெஷின் மிதிச்சிருந்தா நாலு ஜாக்கெட்டாவது முடிஞ்சிருக்கும்."

கடுகுக்குப் பேச ஆசைதான். ஆனால் யாரிடம் சொல்வது? சேர்ந்த அன்றே லீடர் அக்கா சொல்லிவிட்டாள்: 'காதுக்கு வந்தது விரலோட முடியணும். வாய்க்குப் போகக்கூடாது. போச்சுன்னா அன்னைக்கே வேலையும் போச்சு.' அவன் மனத்தில் இருப்பது இவளுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அவனாகச் சொன்னால்தான் உண்டு. இவளாகத் தொடங்கலாம் என்றால் அதற்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. ஆம்பளை, அவன் சொல்லட்டுமே!

வியாழக்கிழமை பஸ்ஸில் கடுகே வழி திறந்துவிட்டுப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவன் கம்பியை இறுகப் பிடித்தான்.

"அது... வந்து... மழை வரும்போல இருக்கு."

"வந்துக்கிட்டுதானே இருக்கு!"

"ஆமால்ல..." என்றான்.

கடுகுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

*

வெள்ளிக்கிழமை மாலை. கடைசி நாள். மழை ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. பக்கத்து ஸீட் காலியாக, அவன் முதல் முறையாக அவள் அருகில் உட்கார்ந்தான். கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லுடா... சொல்லித் தொலைடா...

"ஞாயித்துக்கிழமை..." என்று தொடங்கினான். "உங்களுக்கு... வேலை... ஏதாவது..."

"எனக்கு என்ன வேலை? உங்களுக்குத்தான் வேலை! அம்மாவோட ஃபிரெண்டு பொண்ணைக் கூட்டிட்டு வர்றாங்களே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்?

அவன் மெல்லத் திரும்பினான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் பார்வை அவள் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. இத்தனை களேபரத்திலும் குதிகால், சொன்னதைப் பின்னால் ஓட்டி அழித்துவிடலாம் என்பதுபோல அழுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் அல்லவா, டைப் அடிப்பவர்களின் பெடல் நினைவுக்கு வர, நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நீங்க... டைப் பண்றவங்களா? நான் அம்மாகிட்டப் பேசினது... எல்லாமேவா?"

"எல்லாமே" என்றாள். குரல் வெளியே வரவில்லை. இந்தத் தடவை முணுமுணுத்தது அவள்.

"அப்ப ஒரு வாரமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, நான் திணறுறதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்க."

"ஐயோ, அப்படி இல்லைங்க! வெளியில சொன்னா என் வேலை..."

அவன் எழுந்துவிட்டான். அவன் இறங்கும் இடம் இன்னும் வரவில்லை. குடையை ஸீட்டிலேயே மறந்துவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான். கடுகு அந்த ஈரக் குடையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலையும் போகப்போகிறது, அவனும் போய்விட்டான். ஒரே வாயால் இரண்டையும் கெடுத்துக்கொண்டாளே!

*

சனிக்கிழமை காலை கடுகு நேராக லீடர் அக்காவின் மேஜைக்குப் போனாள். அவன் புகார் கொடுக்கும் முன் தானே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

"அக்கா, காதுக்கு வந்ததை வெளியில சொல்லிட்டேன்."

அக்கா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "நோயாளி விஷயமா?"

"இல்லக்கா. டாக்டர் விஷயம். முணுமுணு டாக்டர்."

"யார்கிட்டடி சொன்ன?"

"அவர்கிட்டதான்."

அக்கா ஹெட்ஃபோனைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "அவர் விஷயத்தை அவர்கிட்டயே சொன்னியா? இத்தனை வருஷத்துல இப்படி ஒரு தப்பை யாரும் பண்ணினதில்லையே... இதுக்கு விதி இருக்கான்னே தெரியலையே!"

"அவர் வீட்டுப் பேச்சுக்கா. தாண்டிப் போயிருக்கணும், நான் கேட்டேன். வேலை போனாப் பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வேலை வேணும், பிடிச்சிருக்கு. ஆனா மறைச்சுவெச்சுக்கிட்டு உட்கார முடியலை..."

கதவு திறந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, முணுமுணு டாக்டர் நின்றான்.

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வேலை செய்வதுபோலவே குனிந்திருந்தார்கள். ஆனால் ஒருத்தர் கீபோர்டிலிருந்தும் சத்தம் வரவில்லை.

"பதிவை நிறுத்தாம விட்டது நான்" என்றான் அக்காவிடம். "தப்பு என்னோடது. இவங்க மேல எந்த நடவடிக்கையும் வேண்டாம்." பிறகு கடுகிடம் திரும்பினான். "நேத்து எனக்கு வந்தது கோபம் இல்லை. வெட்கம். நான் உளறுறதுக்கெல்லாம் அர்த்தம் தெரிஞ்ச ஒரே ஆள் முன்னாடி போய் ஒரு வாரம் உளறியிருக்கேனேன்னு..."

மூச்சை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசைப்படுறேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க வரலை. நீங்க என்னை வேண்டாம்னு சொன்னாலும் அவங்க வரப்போறதில்லை."

ஒரு எழுத்துக்கூட விழுங்கவில்லை. கடைசி மேஜை வரைக்கும் கணீரென்று கேட்டது. கடைசி மேஜைக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கடுகுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க" என்றாள். "உங்களுக்குத் தலையில முடி இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாம... வெறும் குரலை மட்டும் கேட்டே..."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை வருணிக்க இங்கே இடம் போதாது. லீடர் அக்கா செருமினாள்.

"வேலை போகாது, அழாத. ஆனா ஒண்ணு, வேண்டப்பட்டவங்க பதிவை டைப் பண்ண இங்க அனுமதி இல்லை. அதுக்கு விதி இருக்கு. இன்னையிலேருந்து இவர் பதிவு உனக்குக் கிடையாது. வேற யாருக்குத் தரட்டும்?"

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தது.

அவனுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. "அப்ப இனிமே நான் பேசுறதை நீங்க கேட்கவே மாட்டீங்களா?"

கடுகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கேட்காம எங்க போறேன்? இத்தனை நாள் சம்பளத்துக்குக் கேட்டேன்... இனிமே ஆயுசுக்கும் சும்மாவே கேட்கிறேன்."